கழற்றாத சக்கரம்

விடிந்தும் விடியாததுமாகக் கௌரம்மா ஆரம்பித்துவிட்டாள். கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பெற்றவள், தொடை தெரிகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் ஏரியில் குதிக்கப் போகிறாளாம். அதை வேடிக்கை பார்க்கக் குடும்பமே கார் ஏறிப் போகிறதாம். இந்தக் கண்ணராவியைப் பார்க்கத்தான் கடவுள் தன்னை இன்னும் விட்டுவைத்திருக்கிறாராம். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பேசினாள். சுவரோடு பேசுகிறவளுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அடுக்களையில் செல்லக்கண்ணு புளிச்சோற்றை டப்பாவில் அமுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மகனுக்கு வேகவைத்த முட்டை, நாத்தனாருக்குச் சர்க்கரை போடாத கஞ்சி, கணவருக்கு மாத்திரை, பேத்திக்குப் பால் புட்டி என்று ஒவ்வொன்றாகப் பையில் போனது. கௌரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. எந்தச் சொல்லுக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்துக் காட்டையும் மக்காச்சோளத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு மைசூருக்குக் குடிவந்த குடும்பம் அது. கணவர் நஞ்சுண்டசாமி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா கௌரம்மா, சிறு வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாள் முதல் அந்த வீட்டின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஒரே மகன் கவின்ராஜ், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல உத்தியோகம். அவனுக்குக் காலையில் ஓடுகிற பழக்கம் உண்டு. அப்படி ஓடப்போன இடத்தில் பார்த்து விரும்பிக் கட்டிக்கொண்டவள்தான் சோனியா.

சோனியாவின் தாய் மாரக்காள் கட்டட வேலைக்குக் கல் சுமந்தவள். பென்னாகரம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு பாலாறு செக்போஸ்ட் தாண்டிக் கர்நாடகத்துக்கு வந்த குடும்பம். தகப்பன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்கு இருந்தான். அங்கே இருந்த குளத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு நல்ல மனுஷி, காவல்காரன் மகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்த நீச்சல்தான் சோனியாவைக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோயிற்று, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையும் வாங்கிக்கொடுத்தது. பிரசவத்தோடு வேலை போனது. கௌரம்மாவுக்கு இது எதுவும் கணக்கில் இல்லை. கல் சுமந்தவள் மகள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து மாரக்காள் அந்த வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவாள். இவர்கள் யாரும் மாரக்காள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

சோனியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். மாமியார் முகத்தைப் பார்க்காமல், பத்து மணிக்குப் பால் கொடுக்க வேண்டும், வெயிலில் தொப்பி போட வேண்டும், துணி மாற்றும் முன் கை கழுவ வேண்டும் என்று ஆபீஸில் வேலை ஒப்படைக்கிறவள் மாதிரிச் சொன்னாள். கை கழுவ வேண்டும் என்றதும் செல்லக்கண்ணுவுக்கு நெஞ்சில் முள் ஏறியது.

காரணம் இருந்தது. சோனியா மறுபடியும் நீச்சல் பழகப் போக ஆரம்பித்தபோது, இருட்டிலேயே எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டவள் செல்லக்கண்ணுதான். பிள்ளை விழிக்காமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாள்தான். திடீரென்று ஒருநாள் சோனியா பிள்ளையை வண்டியில் வைத்துக்கொண்டு தன் தாய் வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஏன் என்று இவள் விழித்து நிற்க, கௌரம்மாதான் மெதுவாகச் சொன்னாள். மாமியார் கையில் பிள்ளை சுத்தமாக இருப்பதில்லை என்று மருமகள் சொன்னாளாம். நாலு பிள்ளைகளைப் பெற்று மூன்றைப் பறிகொடுத்து, மிஞ்சிய ஒன்றைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவளிடம் சொல்கிற பேச்சா அது... செல்லக்கண்ணு அதைக் கேட்டு யார் முன்னாலும் அழவில்லை. சோனியாவிடம் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் அவர்கள் காரில் ஏறினார்கள்.

நரசிபுரம் ரோட்டில் ஏரிக்கரை முழுக்கக் கொடியும் கூட்டமுமாக இருந்தது. ஒலிபெருக்கியில் கன்னடத்தில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஏரியில் நீந்த வேண்டும், கரையேறியதும் ரோட்டில் சைக்கிள் ஓட்ட வேண்டும், பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கரைமேல் ஓட வேண்டும், மூன்றும் சேர்ந்துதான் ஒரு போட்டி என்று நஞ்சுண்டசாமி எங்கோ கேட்டு வந்து விளக்கினார். ஒன்று போதாதா, மூன்று எதற்கு என்றாள் கௌரம்மா.

கவின்ராஜ் ராஜா மாதிரி நின்றான். கையில் நம்பர் எழுதி, புதுச் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து நிறுத்தி, ஆபீஸ் நண்பர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். கணவனும் மனைவியும் ஜோடியாகப் போட்டியில் கலந்துகொள்கிறோம் என்று போட்டோ போட்டவன் அவன்தான். மனைவியின் பெயரைக் கொடுத்ததும் அவனேதான். போட்டோவில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதை நினைத்திருந்தானே தவிர, தண்ணீரில் யார் முன்னால் போவார்கள் என்று அவன் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சோனியாவுடையது யாரோ ஓட்டி விற்ற பழைய சைக்கிள். அதை அவள் ஓரமாக நிறுத்திவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

செல்லக்கண்ணு அப்போதுதான் பார்த்தாள். கயிறு கட்டிய பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு புங்கமரத்தடியில், வெளுத்த நீலப் புடவையில் மாரக்காள் நின்றுகொண்டிருந்தாள். மகளைக் கூப்பிடவில்லை. இவர்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, வந்தது தப்போ என்பது போல மரத்துக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கினாள். வரச்சொல்லி யார் சொன்னது என்று கௌரம்மா பல்லைக் கடித்தாள். செல்லக்கண்ணு கை கூப்பப் போனவள், நாத்தனார் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் குழந்தையின் முதுகில் வைத்துக்கொண்டாள். அதற்காக அன்றைக்கு முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஊதல் ஊதியதும் எல்லாரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் வெறும் தொப்பிகள்தான் தெரிந்தன. மகன் எது, மருமகள் எது என்று ஒன்றும் புரியவில்லை. பந்தயம் பார்ப்பது என்றால் பெரிய காட்சி என்று நினைத்திருந்தாள் செல்லக்கண்ணு. அங்கே போனால் காத்திருப்புதான் முக்கால்வாசி. உட்கார இடமில்லை. பிள்ளை அழுதது. வெயில் ஏறியது. குடையைக் கௌரம்மா வாங்கிக்கொண்டாள்.

கரையேறியவர்களில் பெண்களில் முதலாவதாக வந்தவள் சோனியா. ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து, சைக்கிளை எடுத்து, ஹெல்மெட்டை மாட்டிப் பறந்துவிட்டாள். மரத்தடியில் மாரக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கவின்ராஜ் அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்து, மூச்சு வாங்க வாங்க வந்தான். ஆபீஸ் நண்பர்கள் கூவிச் சிரித்தார்கள். உன் பெண்டாட்டி டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள் என்று ஒருவன் கத்தினான். கவின்ராஜின் முகம் சுருங்கியதைத் தாய் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் புதிதில்லை. வேறொரு ஆண் முகத்தில், வேறொரு காலத்தில், அதே சுருக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

சைக்கிள் பாதை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிற மாதிரி போட்டிருந்தார்கள். இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் வண்டிகள் திரும்பும். இவர்கள் அங்கே போய் நின்றார்கள். சைக்கிளில் கவின்ராஜ் கெட்டிக்காரன். முதல் சுற்றிலேயே மனைவியைப் பிடித்துத் தாண்டிவிட்டான். தாண்டியபோது இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அப்பாடா என்றாள் கௌரம்மா.

அடுத்த சுற்றில் அவன் வண்டியின் முன்சக்கரம் பஞ்சரானது. கூடக் கொண்டுவந்திருந்த ட்யூபை மாற்றிக்கொண்டு வந்தான். இளநீர்க் கடைக்கு வருவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. இறங்கி நின்று, சக்கரத்தைக் காலால் உதைத்தான். நண்பர்கள் கூட்டம் தள்ளி நின்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் சோனியா திருப்பத்தில் வந்தாள். அவன் ரோட்டின் குறுக்கே போய்க் கையைக் காட்டி நிறுத்தினான்.

அவள் பதறிப்போய் இறங்கினாள். என்னாயிற்று, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அவன் அவள் வண்டியின் முன்சக்கரத்தைக் காட்டினான்.

"உன் முன்வீலைக் கழட்டிக் குடு. சீக்கிரம், போட்டி ஆளுங்க பாக்கறதுக்குள்ள. எனக்கு இன்னும் டைம் இருக்கு, பிடிச்சிருவேன்."

"எனக்கு?" என்றாள் சோனியா.

"நீ இப்ப ஜெயிச்சு என்ன பண்ணப் போற? அத்தனை பேரும் பாத்துட்டிருக்காங்க சோனியா. மானத்தை வாங்காத."

செல்லக்கண்ணு நாலடி தூரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சோனியா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். முடியாது என்பாள், அழுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. கணவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். குனிந்தாள். சக்கரத்தின் பூட்டில் கை வைத்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. பின்னால் வந்த பெண்களின் வண்டிகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் செல்லக்கண்ணுவுக்கு ஒரு ஆங்காரம் எழுந்தது. தன் கையைக் குறை சொன்னவள்தான் அவள். தன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள்தான். இருந்தால் இருக்கட்டும். அதற்காக இதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

ரோட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு ஆள் ஊதலை ஊதினான். அவள் கயிற்றின் ஓரம் வரைக்கும் போய் நின்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"அம்மிணி, அந்தச் சக்கரத்துல இருந்து கையை எடு. வண்டிமேல ஏறு. ஏறிப் போ."

சோனியா நிமிர்ந்து பார்த்தாள். யார் பேசுகிறார்கள் என்றே அவளுக்குப் புரியாதது போல இருந்தது.

"அம்மா, நீங்க ஓரமாப் போங்க," என்றான் கவின்ராஜ். "இது ரேஸ். உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"ரேஸு எனக்குத் தெரியாது சாமி. கழட்டிக் குடுக்கறது தெரியும்." அவள் பிள்ளையை இடுப்பில் மேலே ஏற்றிக்கொண்டாள். "கண்டக்டர் வேலைக்கு உங்கப்பாவும் நானும் ஒண்ணாத்தான் எழுதுனோம். எனக்குக் கெடைச்சுது. அவருக்குக் கெடைக்கல. அம்மா பஸ்ஸுல ஏறவே பயந்துட்டாள்னு சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரிச்சீங்க. நீயும் சிரிச்சே. நான் பயப்படல. அவரு மூஞ்சி வாடிருச்சுன்னு வேண்டாம்னு வீட்டுல உக்காந்தேன். அதோட சரி, அப்பறம் நான் எந்திரிக்கவே இல்ல. அவளாவது போகட்டும். என்னாட்ட அவளும் நிக்க வேண்டாம்."

பிறகு சோனியா பூட்டைத் திரும்ப இறுக்கினாள். வண்டியில் ஏறி மிதித்தாள். கண்ணீரா வியர்வையா என்று தெரியாதபடி முகம் நனைந்திருந்தது. அவள் திருப்பம் தாண்டி மறையும் வரைக்கும் செல்லக்கண்ணு கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். கவின்ராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் காரின் பின்னால் மாட்டினான். போட்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றான். பெற்ற மகனை நடுரோட்டில் வைத்து அவமானப்படுத்திய தாய் உலகத்தில் வேறு யாருமில்லை என்று கௌரம்மா புலம்பினாள். தம்பியின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டாளே, பழைய கதையை யார் கேட்டார்கள் என்றாள். அடிபட்டவன் போல மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடித்தவள் போல எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். மனைவியின் சக்கரத்தைக் கேட்டவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நஞ்சுண்டசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் கிளம்புகிறது, வருகிறவர்கள் வரலாம் என்றான் மகன்.

"என்ற மருமக இன்னும் வந்து சேரல," என்றாள் செல்லக்கண்ணு. "அவளை உட்டுப்போட்டு நான் எங்க வர்றது?"

பிள்ளையையாவது கொடுங்கள் என்று கையை நீட்டினான். பிள்ளை பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கௌரம்மா சோற்றுப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். நஞ்சுண்டசாமி ஒரு தடவை மனைவியைப் பார்த்தார், பிறகு ஏறிவிட்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. சமைத்தவளுக்கு ஒரு கவளம் சோறு மிச்சமில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாதைக்கு அந்தப் பக்கம் மாரக்காள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். வண்டிகள் ஓய்ந்த நேரம் பார்த்து, செல்லக்கண்ணுவே பிள்ளையோடு ரோட்டைக் கடந்து அந்த மரத்தடிக்குப் போனாள். மாரக்காள் அவசர அவசரமாகத் தன் முந்தானையால் ஒரு கல்லைத் துடைத்து, உட்காருங்க சம்பந்தியம்மா என்றாள். மாரக்காள் ஒன்றும் கேட்காமல் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். நாலு வருஷத்து உறவில், சம்பந்தி கையால் அவள் குடித்த முதல் தண்ணீர் அது.

சைக்கிளை விட்டுவிட்டுச் சோனியா ஓட ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏரிக்கரைமேல் நிழலே இல்லை. முதல் சுற்றில் நன்றாகத்தான் ஓடினாள். இரண்டாவதில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாரக்காள் ஐயோ என்று எழுந்தாள். செல்லக்கண்ணு பிள்ளையோடு கயிற்றின் ஓரமாகவே நடந்து அவள் பக்கத்தில் போனாள்.

"அத்தே, எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள் சோனியா.

"நான் இருக்கறேன். உன்ற அம்மா இருக்கறாங்க. பிள்ளை இருக்குது. நீ நடந்தே வா சாமி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சோனியா நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நொண்டிக்கொண்டே ஓடினாள். இரண்டு தாய்மாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூடவே போனார்கள். ஒருத்தி இடுப்பில் பிள்ளை, ஒருத்தி கையில் கழற்றிய செருப்பு.

பெண்களில் அவள் நாலாவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் மேடை. மூன்றாவதாக வந்தவள் இவளைத் தாண்டிப் போனது எங்கே என்று செல்லக்கண்ணு கண்ணால் பார்த்தவள். இளநீர்க் கடை எதிரில், சக்கரத்தில் கை வைத்துக் குனிந்து நின்ற அந்த நேரத்தில். பரிசு வாங்கியவளுக்குக் கைதட்டினார்கள். செல்லக்கண்ணு தட்டவில்லை. அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் யாருக்கு வந்திருக்க வேண்டும் என்று யார் போய்ச் சொல்வது?

முடித்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சோனியா மரத்தடியில் வந்து விழுந்தாள். தாய் காலை நீவிவிட்டாள். குழந்தை பதக்கத்தை வாயில் வைத்துக் கடித்தது. சோனியா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுல்ல அத்தே. அப்புறம் ஏன் வந்து நின்னீங்க?"

செல்லக்கண்ணு திகைத்துப் போனாள். யார் சொன்னது என்று கேட்டாள்.

"பெரியத்தைதான். பிள்ளையை என் தலையில கட்டிட்டு ஊர் மேயப் போறாள்னு நீங்க தினமும் அடுப்படியில அழறீங்கன்னு சொன்னாங்க. அதான் நான் அம்மா வீட்டுல விட ஆரம்பிச்சேன். உங்களுக்குச் சிரமம் குடுக்க வேண்டாம்னு..."

"என்ற கையில பிள்ளை சுத்தமா இருக்கறதில்லைன்னு நீ சொன்னயாமே," என்றாள் செல்லக்கண்ணு.

"நிஜமாவா? நான் அப்படிச் சொல்வேனா அத்தே? இப்ப கை கழுவச் சொன்னது, டாக்டர் எங்க எல்லாருக்கும் சொன்னது. பிள்ளைக்கு வயித்துப்போக்கு வந்துச்சுல்ல..."

இத்தனை மாதம் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, ஒருத்தி சொல்லாததை ஒருத்தி நம்பி, இரண்டு பேரும் தனித்தனியாகத் தலையணையை நனைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். செல்லக்கண்ணு மருமகளின் வியர்த்த தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சோனியா சத்தம் போட்டு அழுதாள். நடுவில் நசுங்கிய பிள்ளையும் அழுதது. மாரக்காள் மட்டும், அழாதீங்க அழாதீங்க என்று சொல்லிக்கொண்டே எல்லாரையும்விட அதிகமாக அழுதாள்.

அவர்கள் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. நஞ்சுண்டசாமி இறங்கினார். ரிங் ரோடு வரைக்கும் போய், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். மகன் கூப்பிடக் கூப்பிட ஏறவில்லையாம். மனைவியை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை. மருமகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மிணி, உன்ற மாமியா பயந்தவ இல்ல. நாந்தான் பயந்தேன். பொண்டாட்டி பையை மாட்டிட்டு டிக்கெட் குடுப்பா, நான் சும்மா உக்காந்திருக்கோணுமான்னு இருந்துச்சு. போயிட்டு வா புள்ளேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். நான் சொல்லல. அது பத்தாதுன்னு, அவ பயந்துட்டாள்னு நானே ஊரெல்லாம் சொன்னேன்."

இந்தச் சொல்லுக்காக ஒரு காலத்தில் செல்லக்கண்ணு கோயில் கோயிலாக வேண்டியிருக்கிறாள். இப்போது அது வந்து எதிரில் நிற்கும்போது, சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய ஒன்றை இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை இந்த மனிதர்? கல்யாண வீடுகளில் நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தபோது, பந்தி பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா?

"இதை இங்க சொல்லி என்னாகுதுங்க," என்றாள். "என்ற மகன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அவனும் உங்களாட்டக் கெட்டுப் போறதுக்குள்ள சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டார். இல்லை, எனக்குப் பசிக்கிறது, நான் சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மாரக்காள் திடுக்கிட்டுப் போனாள். ஷீட் போட்ட வீடு சம்பந்தியம்மா, ஃபேன்கூடச் சரியாக ஓடாது என்று தடுமாறினாள். சோறு வேகும் இல்லையா, அது போதும் என்றாள் செல்லக்கண்ணு.

மாரக்காளின் வீடு ஒரே அறைதான். ஆனால் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் ஓடி ஓடிக் கோழி வாங்கி வந்து, குழம்பு கூட்டி, களி கிண்டினாள். உதவிக்கு எழுந்த செல்லக்கண்ணுவைச் சோனியா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். தட்டு வந்தது. ஆவி பறக்கிற களியின் நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றினாள் மாரக்காள். மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்க்காமல் செல்லக்கண்ணு சாப்பிட்டாள்.

சாயங்காலம் வெளியே கார் சத்தம் கேட்டது. வாசலில் கவின்ராஜ் நின்றான். பின்னால் அவன் தகப்பனார். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று மாரக்காள் பாய் விரிக்க ஓடினாள். செல்லக்கண்ணு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் நிற்கட்டும், முதலில் பேச வந்ததைப் பேசட்டும் என்றாள்.

அவன் தலை குனிந்திருந்தது. அப்பா எல்லாம் சொன்னார் என்றான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"தப்புதான் சோனியா. உன்னை நிறுத்தியிருக்கக் கூடாது. நீ முன்னால போறதை என்னால தாங்க முடியல. அதான் நெசம்."

பரவாயில்லை என்று சோனியா சொல்லிவிடுவாளோ என்று செல்லக்கண்ணு பயந்தாள். அவள் சொல்லவில்லை.

"எனக்கு நாலாவது இடம். மூணாவதா வந்திருப்பேன்," என்றாள். "அதை நீங்க திருப்பித் தர முடியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அத்தையைப் பாத்து உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னீங்களே. அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அவன் உள்ளே வந்து தாயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். காலைத் தொடப் போன கையைச் செல்லக்கண்ணு தட்டிவிட்டாள். பிறகு, எத்தனை கோபம் இருந்தாலும் பெற்ற வயிறு கேட்காதே, அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அழுத்திக்கொண்டே சொன்னாள்.

"நாளையில இருந்து விடியக்காலம் நீ எந்திரி. பிள்ளையைப் பாத்துக்க. அவ நீந்தப் போகோணும், வேலை தேடிப் போகோணும். பால் ஆத்தறது எப்படின்னு நான் சொல்லித்தாறேன். அப்பறம் நான் படுத்துத் தூங்கோணும்."

அவன் அழுதுகொண்டே தலையை ஆட்டினான். சோனியா சிரித்துவிட்டாள். வாசற்படியில் நின்றிருந்த நஞ்சுண்டசாமிக்கு மாரக்காள் இப்போது பாயை விரித்தாள். அவர் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து கௌரம்மா. பொழுது சாய்ந்துவிட்டது, விளக்கு ஏற்றவில்லை, ராத்திரிக்கு என்ன சமையல், எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று அவள் கேட்டது போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. நஞ்சுண்டசாமி பழக்கத்தில் எழப் போனார். செல்லக்கண்ணு கையை நீட்டி அந்தப் போனை வாங்கினாள்.

"நங்கையா, நாந்தான் பேசறேன். சம்பந்தி வீட்டுல இருக்கறோம். எல்லாருந்தான். சாப்புட்டுட்டு வர நேரமாகும். அரிசி டப்பாவுல இருக்குது, நீங்களே ஒரு பிடி வெச்சுச் சாப்புடுங்க. நானும் என்ற மருமகளும் வந்து உங்களை ஒண்ணு கேக்கோணும். தூங்கிறாதீங்க."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். பிறகு மாரக்காளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குழம்பு இருக்கிறதா என்று கேட்டாள்.